பழைய ஃபோர் வீல் டிரைவை வெளியூரில் வாங்கி, ஓட்டியே வீடு சேர்ப்பது எப்படி

சாவியைக் கையில் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் சொன்னார்: "பூ மாதிரி ஓடும் தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கடைசி மூன்று வருடமாக அவர் அந்த வண்டியை ஓட்டியதெல்லாம் பத்து கிலோமீட்டர் போய், பத்து கிலோமீட்டர் திரும்பி வந்ததுதான். எனக்கு முன்னால் இருந்ததோ 1,100 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டரில் எந்த வண்டியும் பூதான். பேரிங், கிரவுன் (அச்சின் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் கியர் பெட்டி), ரேடியேட்டர் எல்லாம் முழுசாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஓடும்போதுதான் வண்டியின் சுயரூபம் தெரியும்.

நான் மெக்கானிக் இல்லை. பதினேழு வயதான ஒரு டீசல் வண்டியை இரண்டரை நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தவன். செய்தது, செய்யாமல் விட்டு அவதிப்பட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

வாங்கிய அன்றே கிளம்பாதீர்கள். பணம் கைமாறிய சூட்டில் உடனே ஹைவேயைப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். ஒரு ராத்திரி தங்குங்கள். வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் அட்டையே பேசும். கறுப்புச் சொட்டு என்ஜின் ஆயில். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ தண்ணியாக இருந்தால் பெரும்பாலும் கூலன்ட். சக்கரத்துக்கு உட்புறம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஒரு அடி நகர்த்தக் கூடாது. என் அட்டையில் மூன்று கறுப்புச் சொட்டு. பழைய டீசலுக்கு அது தும்மல் மாதிரி. அட்டையை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது எண்ணெய். சாதாரண காரில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் முக்கால் வேலை முடிந்தது. இதில் ஐந்து இடம் பார்க்கவேண்டும்: என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல். வளைவில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் இந்தக் கடைசி இரண்டையும்தான் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். எண்ணெய் மாற்றும்போது ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள், அப்புறம்தான் வடிக்கும் பிளக். முதலில் வடித்துவிட்டு, துருப்பிடித்த மேல் பிளக் கழலவில்லை என்றால் எண்ணெய் இல்லாத வண்டியோடு நடுத்தெருவில் நிற்கவேண்டியதுதான். பல வண்டிகளில் ஊற்றும் துளை வரை எண்ணெய் இருந்தால் அளவு சரி. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கலாம்.

முன் கிரவுனில் விரலை விட்டேன். சாம்பல் கரைத்த மாதிரி வெளுப்பாக வந்தது. தண்ணீர் புகுந்த எண்ணெய்.

"ஐயா, வண்டியைத் தண்ணியில இறக்குனீங்களா?"

"எப்பவோ ஒரு தடவை தம்பி. முட்டளவுதான்."

முட்டளவே போதும். சூடான கிரவுன் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மேலே பிரீத்தர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது மண்ணால் அடைத்திருந்தால் கிரவுன் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த எண்ணெயோடு 1,100 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் முன் பேரிங்குகள் என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஐந்து இடத்திலும் எண்ணெய் மாற்றி, பிரீத்தரையும் சுத்தம் செய்தாயிற்று. பாதிப் பகல் போனது.

டயரில் பட்டனை, அதாவது ரோட்டைத் தொடும் மேடுகளை, பார்த்து ஏமாறாதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஓவல் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1411 என்றால் 2011இன் 14வது வாரம். என் ஸ்டெப்னியில் இருந்தது அதுதான். பட்டன் புதுசு போல இருந்தது, ஏனென்றால் அது ரோட்டையே பார்த்ததில்லை. பக்கவாட்டிலோ நகக்கீறல் மாதிரி விரிசல்கள். அதை மாற்றினேன். மாற்றும்போது மற்ற நான்கின் அளவையே வாங்கினேன். ஃபோர் வீல் டிரைவில் டயர் அளவு மாறுபட்டால் கியருக்குள் சண்டை ஆரம்பிக்கும். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியாக இருந்தால் கிளம்பும் முன் ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். எனக்கு அந்தச் சங்கிலி இறங்கவே நாற்பது நிமிடம் ஆனது. மழையில், இருட்டில், ஓரமாக நின்று அதைச் செய்வதை யோசியுங்கள். வண்டியோடு வந்த ஸ்பானரால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க ஒரு தடித்த பலகை வேண்டும்.

டயரைப் பற்றி இன்னொன்று. பழைய சொந்தக்காரர்கள் ஆசைக்குப் பெரிய டயர் மாட்டியிருப்பார்கள். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு 235/75 ஆர் 15, அதாவது விட்டம் ஏறக்குறைய 29 அங்குலம். மாட்டியிருந்தது 31 அங்குலம். கணக்குப் போட்டால் விட்டம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டினால் நிஜத்தில் நாம் 86இல் போய்க்கொண்டிருக்கலாம். மீட்டர் 100 கிலோமீட்டர் என்றால் ஓடியது 107. போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டீசல் முள்ளையும் நம்பாதீர்கள். டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்து, முள் பாதிக்கு வரும்போது மறுபடி நிரப்பினால் அதன் குணம் தெரிந்துவிடும்.

டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பெல்ட்) உள்ள என்ஜின், மாற்றியதற்குச் சீட்டு இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். இதில் மட்டும் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது. வண்டிப் பதிவுக் காகிதமும் இன்சூரன்சும் உங்கள் பயண நாளில் செல்லுபடியாகிறதா என்பதும் அப்படித்தான்.

கிளம்பும் முன் ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். அதைத் தார் ரோட்டில் பார்க்காதீர்கள். வேண்டும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் வகை வண்டியில், முன் பின் வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் வழக்கமான வேக நிலை) போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும், பூட்டு விடாது. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க இடமில்லை, அந்த முறுக்கமெல்லாம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல நிற்கும், ஃபோர் வீல் லிவர் வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் லிவரோடு மல்லுக்கட்டாமல் நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் தானாக விட்டுவிடும். ஒரு மண் மைதானத்தில் டூ ஹை (இரண்டு சக்கர ஓட்டம்), ஃபோர் ஹை, நின்றபடி ஃபோர் லோ (மெதுவான, அதிக இழுவை நிலை) என்று மாற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தில் கையால் திருப்பும் ஹப் (சக்கரத்தை அச்சோடு பூட்டும் பகுதி) இருந்தால் முதலில் அதை லாக்கில் வைக்கவேண்டும், முடிந்ததும் மறக்காமல் ஃப்ரீக்குத் திருப்பவேண்டும். பிறகு வீடு வரை டூ ஹைதான்.

கிளம்பியதும் முதல் நிறுத்தம் இருபதாவது கிலோமீட்டரில். அடுத்தது நூறில். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் நூறாவது கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

நிறுத்தத்தில் செய்யவேண்டிய முக்கியமான வேலை ஒன்றுதான்: நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பது. பிரேக்கை மிதித்து நிறுத்தினால் எல்லாமே சூடாகத்தான் இருக்கும். அதனால் கடைசி ஒரு கிலோமீட்டரை ஆக்சிலரேட்டர் விட்டு, உருண்டே வந்து நில்லுங்கள். பிரேக் டிஸ்க்கைத் தொடாதீர்கள், வெந்துவிடும். புறங்கையைச் சக்கரத்தின் நடுவில், ஹப்புக்கு அருகே கொண்டுபோங்கள். அனல் அடிக்கவில்லை என்றால் மட்டும் தொடுங்கள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் பேரிங் போகிறது.

நூறாவது கிலோமீட்டரில் எனக்குப் பின் வலது சக்கரம் சுட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினேன். அரை சுற்றுக்கூட வரவில்லை, உள்ளே 'சரக் சரக்' என்று உரசல். ஹேண்ட் பிரேக்கை விட்டாலும் கேபிள் துருவில் சிக்கித் திரும்பாமல், டிரம்முக்குள் ஷூ ஒட்டியே இருந்திருக்கிறது. அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. அங்கிருந்து வீடு வரை ஹேண்ட் பிரேக்கை மறந்துவிட்டு, கியரில் போட்டு சக்கரத்துக்கு அண்டைக் கல் வைத்துத்தான் நிறுத்தினேன். ஓட்டும்போது இதில் எதுவுமே தெரியவில்லை என்பதுதான் பயம்.

அதே சமயம் டயர் காற்று. சூடான டயரில் அளந்துவிட்டு, "கூடியிருக்கே" என்று காற்றை இறக்காதீர்கள். ஓடும்போது நாலைந்து பி.எஸ்.ஐ. ஏறுவது இயல்பு. அளவெல்லாம் காலையில், குளிர்ந்த டயரில்.

நானூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு நீண்ட ஏற்றத்தில் வண்டி இழுப்பு விட்டது. மூன்றாம் கியர், இரண்டாம் கியர், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓரம். மூன்று வருடம் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் டேங்க்கின் அடியில் படிந்திருந்த கசடு, ஹைவே குலுக்கலில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிட்டது. நல்லவேளை, கையில் ஒரு டீசல் ஃபில்டர் வைத்திருந்தேன். மாற்றினால் மட்டும் போதாது. உள்ளே காற்று இருந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டருக்கு மேல் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். முதலில் பஞ்சு மாதிரி இறங்கும். ஐம்பது அறுபது தடவைக்குப் பிறகு கல் மாதிரி இறுகியது. சாவியைத் திருப்பினேன், இரண்டாவது முயற்சியில் எழுந்துவிட்டது. பழைய டீசல் வாங்குகிறவர்கள் இரண்டு ஃபில்டர் எடுத்துப் போங்கள். அதோடு ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஹோஸ் கிளாம்ப், கூலன்ட், என்ஜின் ஆயில், டார்ச், கயிறு. மற்றதெல்லாம் பயத்தில் தூக்கிப்போவது.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். வெந்து போவீர்கள், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டவேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு பார் அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

ஓட்டுவதில் பெரிய ரகசியம் இல்லை. உயரமான வண்டி, காரில் திரும்புவது போல வெடுக்கென்று திருப்பினால் கவிழும். மேலே கேரியர் இருந்தால் அதில் கனமான சாமான் ஏற்றாதீர்கள். குதிரைக் குளம்பு போலப் பெரிய பட்டன் டயர் நனைந்த தாரில் பிரேக்குக்கு லேசில் கட்டுப்படாது, இடைவெளி விட்டுப் போங்கள். நான் மீட்டரில் 75ஐத் தாண்டவில்லை, இருட்டியதும் ஓட்டவில்லை. ஸ்டியரிங் லேசாக ஆடினால் சக்கரத்தின் பாலன்சிங் சரியில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கியதும் கையை உதறுகிற மாதிரி ஆடினால் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பக்கம் புஷ்ஷோ ஜாயிண்டோ போயிருக்கிறது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, சரிபார்த்த பிறகே எடுங்கள்.

 

மூன்றாம் நாள் மதியம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து அந்த அட்டையை எடுத்துத் திருப்பி அடியில் விரித்தேன். மறுநாள் காலையில் நாலு சொட்டு. மூன்று கறுப்பு, பழைய இடத்துக்கு நேராகவே. நாலாவது பச்சை. கிளம்பும்போது அது இல்லை. அதற்கு நேர் மேலே டார்ச் அடித்துத் தேடினால் வாட்டர் பம்ப் கசிந்திருந்தது. அந்த வாரமே மாற்றியாயிற்று.