வைட்பேண்ட் சென்சார் பொய் சொல்லும் இடங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் டியூனிங் பழகும் பையன்கள் இப்போது நிறையப் பேர். லேப்டாப்பில் ஈசியூவைத் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) திறந்து ஃபியூவல் மேப்பை, அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற பட்டியலை மாற்றத் தெரிகிறது, வயரிங்கும் சுத்தமாகச் செய்கிறார்கள். ஆனால் சைலன்சர் குழாயில் மாட்டி, காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலந்து எரிகின்றன என்று பார்க்கும் வைட்பேண்ட் சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நாங்கள் பழகிய காலத்தில் நடந்த அதே தவறுகள் அங்கேதான் திரும்ப நடக்கின்றன.

ஃபியூஸ் போனது, வயர் கழன்றது, கேஜ் எரியாதது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை தானாகவே தெரிந்துவிடும். நன்றாக வேலை செய்வதுபோல ஓடிக்கொண்டே தப்பான எண்ணைக் காட்டும் சென்சார்தான் என்ஜினைக் கெடுக்கும்.

அதற்கு முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். வைட்பேண்ட் சென்சாரின் உள்ளே ஆக்சிஜனைத் தள்ளவும் இழுக்கவும் ஒரு சின்ன பம்ப் செல் இருக்கிறது. அதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் லாம்ப்டாவைக் கணக்கிடுகிறது. லாம்ப்டா என்பது கலவையின் அளவு: 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரிக்குச் சரி, 1-க்கு மேல் பெட்ரோல் குறைவு (லீன்), 1-க்குக் கீழ் பெட்ரோல் அதிகம் (ரிச்). லீன் என்றால் மின்சாரம் ஒரு திசையில், ரிச் என்றால் எதிர்த்திசையில். லாம்ப்டா சரியாக 1 என்றால் மின்சாரம் பூஜ்யம். இந்தப் பூஜ்யம்தான் பலரை ஏமாற்றுகிறது.

குழாயில் மாட்டியபடியே ஃப்ரீ ஏர் காலிபரேஷன்

ஃப்ரீ ஏர் காலிபரேஷன் என்பது சென்சாரை வெளிக்காற்றில் வைத்து கன்ட்ரோலருக்கு அளவைக் கற்றுக்கொடுப்பது. அதைக் குழாயில் மாட்டியபடியே செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும்.

டர்போ போட்ட ஒரு ஹேட்ச்பேக் வந்தது. முழு த்ராட்டிலில் சத்தம் மாறி, பவர் போய், ஆயில் புகை. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனில் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவே உள்ள வரம்பு) உடைந்து ஓரம் உருகியிருந்தது. ட்யூன் செய்த தம்பி லாக்கைக் காட்டினார். முழு பூஸ்ட்டிலும் 0.85, கோடு போட்டதுபோல.

“ஃப்ரீ ஏர் பண்ணினீங்களா தம்பி?”

“பண்ணினேங்கண்ணா. வண்டிய ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத்தான் பட்டன அமுக்கினேன்.”

“சென்சாரக் கழட்டினீங்களா?”

“இல்லீங்கண்ணா, வண்டிதான் ஆஃப்ல இருந்துச்சே.”

என்ஜினை நிறுத்தியதும் குழாய்க்குள் வெளிக்காற்று வந்து நிரம்பிவிடாது. எரிந்த வாயு உள்ளேயே தேங்கி நிற்கும். பட்டனை அமுக்கும்போது கன்ட்ரோலரிடம் நாம் சொல்வது, “இப்போது உன் முன்னால் இருப்பது 20.9 சதவீத ஆக்சிஜன்” என்பது. உள்ளே உண்மையில் 16 சதவீதம்தான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைந்த மின்சாரத்தையே கன்ட்ரோலர் 20.9 என்று பதிந்துகொள்ளும். அதன்பின் வரும் ஒவ்வொரு அளவையும் சுமார் 1.3 மடங்கு பெருக்கிக் காட்டும்.

லாம்ப்டா 1-ல் மின்சாரமே இல்லை, பூஜ்யத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதனால் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் கேஜ் கச்சிதமாக இருக்கும். தராசு முள் காலித் தட்டில் நடுவில் நிற்கிறது என்பதால் எடைக்கல் சரி என்று ஆகிவிடாதே. ரிச் பக்கம் போகப் போக, உண்மையைவிட அதிக ரிச்சாகக் காட்டும். மேலே சொன்ன கணக்கில், கேஜில் 0.80 என்றால் குழாயில் 0.84-ஐ நெருங்கியிருக்கும். அந்தத் தம்பி, “0.80 ரொம்ப ரிச், பெட்ரோல் வீணாகுது” என்று குறைத்துக் குறைத்து கேஜில் 0.85-க்குக் கொண்டுவந்திருக்கிறார். அப்போது உண்மை 0.88 பக்கம். பூஸ்ட் அதிகமாகவும் டைமிங் முன்னால் தள்ளியும் இருக்கும் என்ஜின் அந்த அளவில் நாக் ஆகும், அதாவது கலவை நேரம் தப்பித் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். பிஸ்டன், ஹெட் வேலை, லேபர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். சென்சாரைக் கழற்றியிருந்தால் ஒரு ஸ்பேனர் வேலை.

சரியான முறை இதுதான். சென்சாரைக் குழாயிலிருந்து வெளியே எடுங்கள். கனெக்டர் மாட்டியபடி, முனை எதிலும் படாமல் காற்றில் தொங்கவிடுங்கள். இக்னிஷன் மட்டும் ஆன், என்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஹீட்டர் முழுதாகச் சூடாகி கன்ட்ரோலர் தயார் என்று சொன்னபிறகே பட்டனை அமுக்குங்கள். முனை 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும், எனவே பெட்ரோல் லைன் பக்கமோ பிளாஸ்டிக் மேலோ தொங்கவிடாதீர்கள். பக்கத்தில் பெட்ரோலில் பார்ட்ஸ் கழுவிக்கொண்டோ தின்னர் அடித்துக்கொண்டோ இருந்தால் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடுங்கள். அந்த ஆவி சூடான முனையில் எரிந்து ஆக்சிஜனைத் தின்னும். குழாய்க்குள் நடந்த அதே தவறு கொஞ்சம் குறைந்த அளவில் நடக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு.

மழைக்கால ஈரக்காற்றால் வரும் வித்தியாசம் சின்னது, அதற்காகத் தவிக்க வேண்டாம். சில கருவிகளில் புது சென்சார் போடும்போது, சென்சாரை மாட்டாமல் ஒருமுறை பவர் கொடுத்துப் பழைய காலிபரேஷனை அழிக்க வேண்டும். கையேட்டில் இருக்கும், படியுங்கள். ஏற்கெனவே தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தால், ஆக்சிஜன் சதவீதம் காட்டும் கருவியாகப் பார்த்து சென்சாரை வெளிக்காற்றில் பிடியுங்கள். 20.9-ஐத் தாண்டிக் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

டர்போவுக்கு முன்னால் மாட்டுவது

அங்கே சூடும் அதிகம், அழுத்தமும் அதிகம். அழுத்தம் ஏறினால் பம்ப் மின்சாரமும் ஏறும், ரிச்சை அதிக ரிச்சாகக் காட்டும். 1-ல் மட்டும் சரியாக இருக்கும். மேலே சொன்ன அதே பொறி, வேறு வாசல். டர்போ தாண்டி மாட்டுங்கள்.

மிஸ்ஃபயரை லீன் என்று படிப்பது

சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை, பெட்ரோலை அல்ல. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் ஆக்சிஜன் முழுவதும் அப்படியே வெளியே வரும், கேஜ் லீன் என்று சொல்லும். பிளக் நனைந்து மிஸ் ஆகிற என்ஜினுக்கு, லீன் என்று நினைத்து இன்னும் பெட்ரோல் கொடுப்பார்கள். பிளக் இன்னும் நனையும், கேஜ் இன்னும் லீன் காட்டும், இன்னும் பெட்ரோல். கடைசியில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் ஆயிலில் பெட்ரோல் வாடை. எண் தாவித் தாவி லீன் பக்கம் போகிறது, என்ஜினும் குலுங்குகிறது என்றால் முதலில் பிளக், காயில். மேப் அப்புறம்.

குழாய்க் கசிவும் இதே வேஷம்தான் போடும். இரண்டு எக்ஸாஸ்ட் அடிகளுக்கு நடுவே அழுத்தம் குறையும்போது ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐடிலில்தான் அதிகம் தெரியும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து சைலன்சர் வாயைத் துணியால் சற்று அடைத்தால், கசியும் இடம் சீறிக் காட்டிக்கொடுக்கும். குட்டை சைலன்சர் போட்ட ஒற்றை சிலிண்டர் பைக்கில் வாய்ப்பக்கத்திலிருந்தே காற்று பின்னோக்கி வரும். அதில் ஐடில் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கேஜில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று

எர்த் வயரைப் பாருங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தை 0 முதல் 5 வோல்ட்டுக்கு 7.35 முதல் 22.39 வரை என்று அனுப்பும் கன்ட்ரோலரில், ஒரு வோல்ட்டுக்கு மூன்று புள்ளி. எர்த் இரண்டு வேறு இடத்தில் போய் 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தால் 0.3 தவறு. ஹீட்டர் இழுக்கும் கரண்ட் அந்த எர்த் வழியாகவே போனால் எண் ஆடவும் செய்யும். கன்ட்ரோலரின் சிக்னல் எர்த்தை ஈசியூவின் சென்சார் எர்த்தோடு சேருங்கள். ஸ்கேலைக் கூட்டிக் குறைத்து இரண்டு எண்ணையும் ஒன்றாக்காதீர்கள்.

14.7-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது

நம் பெட்ரோல் பங்குகளில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்த பிறகு இந்தக் குழப்பம் அதிகம். லாம்ப்டா 1-க்கான காற்று-பெட்ரோல் விகிதம் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு 14.7, இ20-க்குச் சுமார் 13.5. சென்சாருக்குத் தெரிந்தது லாம்ப்டா மட்டும், அதை 14.7-ஆல் பெருக்குவது கேஜ். யாரோ சொன்னார்கள் என்று கேஜை 13.5-க்கு மாற்றிவிட்டு, முழு த்ராட்டிலுக்குப் பழைய 12.5 இலக்கையே வைத்தால் அது லாம்ப்டா 0.93. முன்பு அதே 12.5 என்பது 0.85. கேஜை லாம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள், வேலை முடிந்தது.

பவர் இல்லாமல் குழாயில் விடுவது

கரி படிந்து சாகும். கன்ட்ரோலர் இல்லையென்றால் கழற்றிவிட்டு சென்சார் மாட்டும் துளையை போல்ட் போட்டு அடையுங்கள்.

படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டுவது

தண்ணீர் தேங்கும். சூடான செராமிக்கில் தண்ணீர் பட்டால் விரிசல். கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது முனை கீழ்நோக்கி இருக்கட்டும்.

கனெக்டரை வெட்டுவது

அதற்குள் அந்த சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் இருக்கிறது. வெட்டாதீர்கள்.

எல்எஸ்யூ 4.2-க்குப் பதில் 4.9

இரண்டும் பாஷ் வைட்பேண்ட் சென்சார் மாடல்கள். ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் இலக்கு 4.2-க்கு 80 ஓம், 4.9-க்கு 300. கன்ட்ரோலர் எதற்கானதோ அதையே வாங்குங்கள்.

சாதாரண சிலிக்கோன் பசை

அதன் ஆவி சென்சாருக்கு விஷம். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் அச்சடித்திருந்தால் மட்டும் பூசுங்கள்.