எடைச்சீட்டு அச்சிடாத கணினியில் ஸ்பூலர் எதற்கு?

கோத்தகிரியில் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் சிறிய அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் மூன்று கணினிகள். அச்சுப்பொறி ஒன்றில் மட்டும்தான். எடைச்சீட்டு அதிலிருந்துதான் வரும். சரிவிலிருந்து இலை மூட்டையைச் சுமந்து வருகிறவருக்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. அதன் பின்னாலுள்ள கணக்கில் வேறு எவர் கையும் படக்கூடாது.

2021 ஜூன் கடைசியில் விண்டோஸின் அச்சுச் சேவையான பிரிண்ட் ஸ்பூலரில் ஓர் ஓட்டை அம்பலமானது. பெயர் பிரிண்ட்நைட்மேர். ஸ்பூலர் கணினியின் உச்ச அதிகாரத்தோடு இயங்குவது. அச்சுப்பொறியை இயக்க உதவும் மென்பொருளான டிரைவர் என்று சொல்லி யாராவது ஒரு தீய கோப்பை நீட்டினால், சாதாரணப் பயனராக இருந்தாலும், அந்த அதிகாரத்தோடு அதை இயக்கிவிடும். வலைப்பின்னலின் மறுமுனையிலிருந்தும் இது நடக்கும். ஜூலை 6 முதல் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 10-இல் வந்த திருத்தம், டிரைவர் நிறுவும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் என்று ஆக்கியது. எனவே முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து நிலுவையில் உள்ள அனைத்தையும் நிறுவுங்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். 2010-இல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழுவும் இதே ஸ்பூலரின் வேறோர் ஓட்டை வழியாகப் பரவியதுதான். அச்சிடாத கணினியில் அது ஓடிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் 'சர்வீசஸ்' என்று தட்டச்சு செய்து, நிர்வாகியாகத் திறங்கள். பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலர் மீது இருமுறை சொடுக்கி 'ஸ்டாப்' கொடுங்கள். பிறகு 'ஸ்டார்ட்அப் டைப்' என்பதை 'டிஸேபிள்டு' ஆக மாற்றி, 'அப்ளை' அழுத்துங்கள். இந்த இரண்டாவது வேலையை நான் முதலில் செய்யவில்லை. ஐப்பசி மழையில் மரம் விழுந்து மின்சாரம் போய் வந்தது. கணினி மீண்டும் எழுந்தபோது ஸ்பூலரும் எழுந்து உட்கார்ந்திருந்தது. இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: ஸ்பூலர் நின்றால் 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' வசதியும் நின்றுவிடும். மாதக் கணக்கை அப்படி எடுப்பவர்கள் அதைச் சீட்டுக் கணினியில் எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டுக் கணினியில் ஸ்பூலர் ஓடத்தான் வேண்டும். அச்சுப்பொறி யுஎஸ்பி கம்பியில் இருந்தால், அதன் பண்புகளில் 'ஷேரிங்' பக்கத்துக்குப் போய்ப் பகிர்வை நீக்கிவிடுங்கள். விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள், கணினியின் விதிகளை அமைக்கும் கருவியான குரூப் பாலிசியில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், பிரிண்டர்ஸ் என்று வரிசையாகத் திறந்து, வெளிக் கணினிகளின் இணைப்பை ஸ்பூலர் ஏற்க அனுமதிக்கும் கொள்கையை 'டிஸேபிள்டு' ஆக்கலாம். ஸ்பூலரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். நேரடியாக இணைத்த அச்சுப்பொறி வழக்கம்போல வேலை செய்யும். ஹோம் பதிப்பில் இந்தக் கருவி இல்லை.

சீட்டு போடுபவருக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு எடைச்சீட்டை அடித்துப் பாருங்கள். காலையில் முதல் மூட்டை தராசில் ஏறுவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. வரிசையில் நிற்பவர்களைக் காக்க வைக்கக்கூடாது.