கூடி உட்கார்ந்து வழு திருத்தும் முறை

கட்டற்ற மென்பொருளில் ஒரு வழுவை, அதாவது நிரற்பிழையை, கூடித் திருத்த விரும்புவோர் எடுத்த எடுப்பில் நிரலைத் திறக்கக் கூடாது என்பது, பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் நால்வராக அமரும் எங்கள் அனுபவம். அந்த வழுவை அடுத்தவர் கணினியிலும் அப்படியே வரவழைத்துக் காட்டும்வரை, நால்வரும் நான்கு வெவ்வேறு வழுக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

ஓர் உரைத்திருத்தியில் ‘கொடி’ என்று தேடினால், அச்சொல் கண்ணெதிரே இருந்தும் ‘இல்லை’ என்று வந்தது. ஒருவர் கோப்பில் மட்டும் கிடைத்தது. இரு கோப்புகளையும் ஒரே ஒரு சொல் எஞ்சும்வரை வெட்டிக் குறைத்தபோது காரணம் தெரிந்தது. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் இடலாம், திரையில் வேறுபாடு தெரியாது. குறியீடுகளை எண்ணும் பைதான் நிரல்மொழியில் நீளம் கேட்டால் ஒரு ‘கொடி’க்கு 4 என்றும் மற்றதற்கு 5 என்றும் விடை வரும். (நமக்கோ அது இரண்டே எழுத்து!)

முன்பு சரியாக இருந்து இடையில் கெட்டுப்போன வழுவாக இருந்தால், நிரலின் மாற்ற வரலாற்றில் தேடும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அது ஒவ்வொரு முறையும் பாதியைக் கழிப்பதால், 1000 கமிட்டுகளுக்குள் (பதிவு செய்த மாற்றங்களுக்குள்) குற்றவாளியை ஏறத்தாழ 10 சோதனைகளில் பிடித்துவிடலாம்.

திருத்தத்தை ஒருவர் எழுத, மற்றவர் அதை உடைக்க முயல்வதே நல்லது. தேடும் சொல்லையும் உரையையும் இரண்டாக இட்ட குறியை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றி ஒப்பிட்டால் போதும் என்று நான் எழுதி முடித்து நிமிர்ந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி, “அக்கா, சொல் கிடைக்குது, ஆனா அதைக் காட்டுற மஞ்சள் ஒரு இடம் முன்னாடியே விழுதே” என்றான். மாற்றிய உரை சுருங்கிவிடுவதால், அதில் எண்ணிய இடம் மூல உரையில் பொருந்தவில்லை. பயனரின் கோப்பையே மாற்றிவிடலாம் என்றார் ஒருவர். கேட்காமல் பிறர் கோப்பில் கைவைப்பது தவறு என்பதால் நான் ஒப்பவில்லை. இறுதியில், சுருங்கிய உரையின் ஒவ்வொரு இடமும் மூலத்தில் எங்கே உள்ளது என்று காட்டும் சிறு அட்டவணையைச் சேர்த்தோம்.

திருத்தத்தோடு சோதனை நிரலும் செல்ல வேண்டும். அதில் இரு ‘கொடி’களையும் எழுத்தாக இடாமல் குறியீட்டு எண்களாகவே எழுதுங்கள், இல்லையேல், சரிபார்ப்பவர் கண்ணுக்கு ஒரே சொல்லை இருமுறை ஒப்பிட்டதுபோலத் தோன்றும். உடைத்துக் காட்டியவர் பெயரையும் கமிட் செய்தியில் இணை ஆசிரியராகச் சேர்த்து அனுப்புங்கள்.