உள்ளங்காலில் கறுப்பா? மில்லிமீட்டரைக் கேளுங்கள்

நடவு முடிந்து வாய்க்காலில் காலைக் கழுவும்போது உள்ளங்காலில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால், காலாணி, இல்லாவிட்டால் முள் குத்தி ரத்தம் கட்டியிருக்கிறது என்றுதான் நம் டெல்டாவில் யாருக்கும் தோன்றும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். என் பெரியப்பாவும் அப்படி நினைத்துத்தான் இரண்டு வருடம் காலாணி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம் நிறத்துக்கு அரிது, ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி என்று வெயிலே படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது.

ஓரம் கோணல்மாணலாக இருக்கிறதா, கறுப்போடு பழுப்பும் சாம்பலும் கலந்திருக்கிறதா, மாதாமாதம் பரவுகிறதா என்று பாருங்கள். நகத்தில் கட்டிய ரத்தம் நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். நகராமல் பட்டையாக அகன்று, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு ஏறினால் தள்ளிப்போடாதீர்கள்.

சுண்ணாம்பு வைப்பது, ஆசிட்டில் சுடுவது, பிளேடால் சீவுவது எதுவும் கூடாது. வலிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, நோயின் ஆழத்தை அளந்துதான் சிகிச்சையே முடிவாகிறது, அதைச் சுட்டுப் பொசுக்கிவிட்டால் டாக்டர் எதை அளப்பார்? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி தோல் பிரிவு இருக்கிற இடத்துக்குப் போய், பயாப்சி, அதாவது அந்த இடத்துத் தோலை வெட்டியெடுத்துச் சோதிப்பது, எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பேச்சு.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிரெஸ்லோ ஆழம், அதாவது கட்டி தோலுக்குள் இறங்கியிருக்கும் ஆழம், எத்தனை மில்லிமீட்டர், மேல்தோல் புண்ணாகியிருக்கிறதா? 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு வெட்டுவார்கள், 2 மி.மீ. தாண்டினால் 2 செ.மீ. ஆழம் 0.8 மி.மீ.க்கு மேல் போனாலோ புண்ணாகியிருந்தாலோ, சாயம் செலுத்தி, தொடை இடுக்கில் அது முதலில் போய்ச் சேரும் நெறியை எடுத்துப் பரிசோதிப்பது பற்றியும் பேசுங்கள், தொட்டுப் பார்த்தால் நெறி கட்டியதே தெரியாவிட்டாலும் சரி. ஆரம்ப நிலைக்கு அறுவைதான் வைத்தியம், வழக்கமான கீமோ தேவைப்படாது.

பிழைப்பு எப்படி? மெல்லிய, புண்ணாகாத கட்டத்தில் பிடித்தவர்களில் 5 வருடத்துக்குள் இந்த நோயால் இறப்பவர் நூற்றுக்கு ஒருவர் அளவுதான், அதே நெறிக்குப் பரவாமலே 4 மி.மீ.க்கு மேல் தடித்துப் புண்ணுமாகிவிட்டால் சுமார் 18 பேர். இவை பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கணக்கு. உள்ளங்கால் வகை தாமதமாகவே கண்ணில் படுவதால் நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கிறது.

அப்புறம், உள்ளங்காலில் வெட்டிய இடத்துக்குத் தொடைத்தோல் ஒட்டவேண்டி வரலாம், அது நன்றாகப் பிடிக்கும்வரை சேற்றில் இறங்க முடியாது, அதனால் நடவு, அறுப்புக்கு மாற்று ஆள் பார்த்துவைத்துவிட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.