உயர்நிலை வகுப்புக்குப் பாட ஆசிரியராகத் தயாராவது எப்படி: ஓர் இயற்பியல் ஆசிரியையின் வழிகாட்டல்

இயற்பியலில் பட்டம் பெற்று, கற்பித்தல் பயிற்சிக்காக என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு பேட்டரி, தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். "மொதல் பல்புலயே கரன்ட் கொஞ்சம் செலவாயிடும் மிஸ், அதனால ரெண்டாவது மங்கலாத்தான் எரியும்" என்கிறாள் ஒரு மாணவி. அவளுக்கு என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் வரும் பதில், "தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம் என்று சொல்லிக்கொடுப்பேன்" என்பதுதான். விதி சரி. அந்த மாணவியும் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள், தேர்விலும் எழுதுவாள், மனதுக்குள் மட்டும் பழையபடியே நினைத்துக்கொண்டிருப்பாள். அவள் நினைப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறதே! பேட்டரி நாளடைவில் தீர்ந்துபோகிறது, அப்படியானால் ஏதோ ஒன்று செலவாகத்தானே வேண்டும்? செலவாவது பேட்டரியில் இருக்கும் ஆற்றல். மின்னோட்டம் முழுதாகச் சுற்றி வருகிறது. இந்த இரண்டையும் அவளே பிரித்துப் பார்க்கும்படி பாடத்தை அமைப்பதுதான் ஆசிரியரின் வேலை. எந்தப் பல்பு அதிகமாக எரியும் என்று முதலில் அவளை எழுதவைக்க வேண்டும். பிறகு எரியவிட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகு மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை வைத்து அவள் கையாலேயே அளக்கவைக்க வேண்டும்.

இந்த அறிவு பட்டப்படிப்பில் தனியாகக் கிடைப்பதில்லை, கல்வி உளவியல் தாளிலும் தனியாகக் கிடைப்பதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தனி வகை அறிவாகவே பிரித்துக் காட்டினார். ஒரு பாடத்தில் எது கடினம், ஏன் கடினம், மாணவர்கள் என்ன முன்நினைப்போடு வருகிறார்கள், எந்த உதாரணம் அவர்களுக்குப் பிடிபடும் என்பதெல்லாம் அதில் அடங்கும். பயிற்சிக் காலம் சில நாடுகளில் ஓராண்டு, சில நாடுகளில் இரண்டு, பின்லாந்து போன்ற நாட்டில் முதுகலைப் படிப்போடு சேர்ந்தே வருகிறது. காலம் எவ்வளவானாலும் அதற்குள் நீங்கள் திரட்டிக்கொள்ள வேண்டியது முதலில் இந்த அறிவைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளிப் புத்தகத்தை மறுபடி படியுங்கள்

சேர்க்கைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களிலேயே இதைத் தொடங்கலாம். நீங்கள் கற்பிக்கப்போகும் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே இருந்து தொடங்கி, உங்கள் பாடத்தின் புத்தகங்களை வரிசையாகப் படியுங்கள். கண்ணால் ஓட்டிவிட்டுப் போகாதீர்கள். பயிற்சிக் கணக்குகள் அத்தனையையும் கையால் போடுங்கள். ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் 'ஏன்?' என்று எழுதி, பதில் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

எங்கே தடுக்கும் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும். மின்சுற்றுக் கணக்குகளுக்கான கிர்க்காஃப் விதிகளைச் சரளமாகப் போடுகிறவர்கள்கூட, "கம்பியில எலக்ட்ரான் அவ்ளோ மெதுவா நகருதுன்னா, ஸ்விட்ச் போட்டதும் பல்பு எப்படி உடனே எரியுது?" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டால் நின்றுவிடுகிறார்கள். வீட்டு மின்கம்பியில் எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் மின்சுற்று மூடியதும் மின்புலம் கம்பி முழுதும் ஏறத்தாழ ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவிவிடுகிறது; கம்பியில் எங்கும் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்தே நகரத் தொடங்குகின்றன. இதைச் சமன்பாடு இல்லாமல், பையனுக்குப் புரிகிற மொழியில், இரண்டே நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள்.

இயற்பியலுக்கு வருகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 1992-இல் டேவிட் ஹெஸ்டனிஸ் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் விசை பற்றிய ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டார்கள். ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்பது அதன் பெயர். கணக்கே கிடையாது, எல்லாம் அன்றாட மொழியில் அமைந்த கொள்குறி வினாக்கள். தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையில் நினைப்பதிலிருந்து எடுக்கப்பட்டவை. அதற்கு முதலில் நீங்கள் விடை எழுதிப் பாருங்கள். மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று படம் போடச் சொன்னால், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுகிற பட்டதாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தவறான விடைகளுக்கென்று ஒரு நோட்டு

என் பயிற்சி ஆசிரியர்கள் எல்லோரையும் நான் வற்புறுத்திச் செய்யவைப்பது இதைத்தான். ஒரு நோட்டு போடுங்கள். வகுப்பில், விடைத்தாளில், ஆய்வகத்தில், வராந்தாவில் காதில் விழும் தவறான விடைகளை மாணவர் சொன்ன சொல்லிலேயே அதில் எழுதுங்கள். 'மாணவனுக்கு மின்னோட்டம் புரியவில்லை' என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. 'பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கற பல்புக்குத்தான் நெறையக் கெடைக்கும்' என்று எழுதினால், அடுத்த ஆண்டுப் பாடமே அந்த வரியிலிருந்து பிறக்கும்.

விடைக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள். அப்படி நினைக்க அவர்களை எது தூண்டியிருக்கும்? அதைத் தெளிவாக்க எந்தச் சோதனை, எந்தக் கேள்வி உதவும்? இரும்புக் கரண்டியைத் தொட்டுவிட்டு "மரக்கரண்டியவிட இதுதான் கூல்" என்று சொல்லும் பிள்ளைக்கு அவளுடைய விரலே சாட்சி. இரண்டு கரண்டியிலும் வெப்பமானி வைத்து ஒரே அளவு காட்டும்போதுதான், தன் விரல் உணர்ந்தது வெப்பம் வெளியேறும் வேகத்தை என்று பேச்சு தொடங்கும்.

மற்றப் பாடக்காரர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். கணிதத்தில் 0.35 பெரியதா, 0.4 பெரியதா என்று கேட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து நான்கைவிடப் பெரியது என்ற முழு எண் பழக்கம் உடனே தலைகாட்டும். உயிரியலில், மரம் தன் எடையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பார்கள். காற்றில் இருக்கும் கரியமில வாயுவிலிருந்து அவ்வளவு பெரிய மரம் வரும் என்பதை நம்ப அவர்களுக்கு மனம் வராது. புவியியலில், பூமி சூரியனுக்கு அருகே போனால் கோடை என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். இந்த ஒரு தகவலை எந்த இடத்தில் எடுத்து வைப்பது என்று தெரிந்தால், அந்தப் பாடத்தின் பாதி வேலை முடிந்தது.

வகுப்பைக் கவனிக்கும் வாரங்கள்

பயிற்சியின் தொடக்கத்தில் மூத்த ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் உட்காராதீர்கள். அங்கிருந்து ஆசிரியரும் மாணவர்களின் முதுகும்தான் தெரியும். முன்பக்கத்தில், ஓரமாக, மாணவர்களின் முகம் தெரியும்படி நாற்காலி போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று யாரிடமெல்லாம் கேள்வி போகிறது, யாரிடம் போகவே இல்லை? நாளை, தவறான விடை வந்ததும் ஆசிரியர் அடுத்து என்ன சொல்கிறார்? அதற்கடுத்த நாள், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார்?

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், 'தெரியாது' என்பது குறைந்தது. மூன்று விநாடி மௌனம், புதிதாக வகுப்பு எடுக்கிறவருக்குத் தாங்க முடியாத நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.

நுண்கற்பித்தலை உருப்படியாகச் செய்ய

1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய முறை இது. சில மாணவர்கள், சில நிமிடங்கள், ஒரே ஒரு திறன். எடுப்பது, கருத்துக் கேட்பது, திருத்தி மறுபடி எடுப்பது. பல இடங்களில் சக பயிற்சி மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து இது நடக்கிறது. அவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்பதால் கேட்டதும் சரியான விடை சொல்லிவிடுவார்கள், ஐந்து நிமிடம் சுகமாக ஓடிவிடும், யாரும் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் நோட்டிலிருந்து நான்கைந்து தவறான விடைகளைச் சீட்டில் எழுதித் தோழர்களிடம் கொடுங்கள். அவரவர் சீட்டில் இருப்பதை விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும். "இல்ல மிஸ், நீங்க சொல்றது புரியல, பேட்டரி தீருதே" என்று ஒருவர் விடாப்பிடியாக நிற்கும்போதுதான் உண்மையான பயிற்சி தொடங்கும். மறுபடி எடுக்கும் சுற்றை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது அதுதான், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிவதும் அதில்தான்.

பாடக்குறிப்பு, சோதனை, கரும்பலகை

பாடக்குறிப்புக்குக் கல்லூரி ஒரு படிவம் தரும்; அதை நிரப்பிக் கொடுங்கள். அதற்கு மேல் உங்களுக்கென்று ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வகுப்பு முடியும்போது எந்த ஒரே கருத்து அவர்களிடம் இருக்க வேண்டும்? அதற்கு நான் கேட்கப்போகும் கேள்விகள் என்ன? கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் முழுதாக எழுதுங்கள். வகுப்பில் அந்த நேரத்தில் தோன்றும் கேள்விகள் பெரும்பாலும் "புரிஞ்சுதா?" என்பதில் வந்து முடியும். அதற்கு எல்லோரும் "புரிஞ்சுது மிஸ்" என்பார்கள்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1956-இல் தொகுத்த கற்றல் நோக்கங்களின் படிநிலையை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலுள்ள ஆறு நிலைகளையும் ஒரே வகுப்பில் திணிக்காதீர்கள். ஒரு கேள்வி நினைவைச் சோதிக்கிறதா, புரிதலைச் சோதிக்கிறதா என்று பிரித்தறிய அது உதவினால் போதும்.

சோதனை காட்டுவதாக இருந்தால், முந்தின நாளே, அதே கருவிகளை வைத்து, அதே அறையில் செய்து பாருங்கள். பல்புப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்புகளும் ஒரே அளவு என்று உறையில் போட்டிருந்தாலும், வேறு வேறு தயாரிப்பாக இருந்தால் தொடர் இணைப்பில் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியலாம். அதுவும் பேட்டரியின் பக்கம் இருப்பது பிரகாசமாக எரிந்துவிட்டால், எந்தத் தவறான எண்ணத்தை மாற்ற வந்தோமோ அதையே நம் கையால் நிரூபித்துக் கொடுத்ததாகிவிடும். சமமாக எரியும் ஒரு ஜோடியைத் தேர்ந்து, தனிப் பெட்டியில் போட்டு வையுங்கள். சந்தேகப்படும் பிள்ளைக்காகப் பல்புகளை இடம் மாற்றிக் காட்டவும் தயாராக இருங்கள்.

கரும்பலகைக்கு ஒரு சொல்: பலகையில் கடைசியில் என்ன மிஞ்ச வேண்டும் என்பதை வகுப்புக்கு முன்பே தாளில் வரைந்து பாருங்கள். வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது பற்றித்தான் பயிற்சிக்கு வருகிறவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பெயர்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு உள்ளே போங்கள், கத்தாதீர்கள். மீதியை ஒழுங்கான கேள்விகளே பார்த்துக்கொள்ளும்.

வழிகாட்டி ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது

"என் கிளாஸ் எப்படி இருந்தது மேடம்?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்ற பதில்தான் வரும். வகுப்புக்கு முன்பே ஒரு வேலை கொடுங்கள். "ஜன்னல் பக்க வரிசைல இருக்கிற நாலு பேர் இன்னைக்கு என்ன செய்யறாங்கன்னு மட்டும் எனக்காகப் பாருங்க மேடம்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னதால் அவருக்கும் சொல்வது எளிது, உங்களுக்கும் கேட்பது எளிது. ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கும் பாட ஆய்வு முறையும் இப்படித்தான் நடக்கிறது. ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் மாணவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று குறிப்பெடுப்பார்கள், பிறகு பாடத்தைத் திருத்துவார்கள். உங்களோடு அதே பாடத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒருவர் கிடைத்தால் இருவரும் சேர்ந்தே இதைச் செய்துவிடலாம்.

விடைத்தாள் திருத்த உதவி கேட்டால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுவதற்கு முன் ஒரே ஒரு வினாவை மட்டும் எடுத்து, எல்லாத் தாளிலும் அதற்கு வந்த தவறுகளை வகை பிரியுங்கள். அலகு மறந்தவர்கள் ஒரு பக்கம், சூத்திரத்தில் எண்ணைத் தவறாகப் போட்டவர்கள் ஒரு பக்கம், கருத்தே வேறாக இருப்பவர்கள் ஒரு பக்கம். மூன்றாவது அடுக்கில் உள்ளவர்களுக்குத்தான் மறுபடி வகுப்பு தேவை. முதல் இரண்டு அடுக்குக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தாலே போதும்.

வேலைக்கான மாதிரி வகுப்பு

நேர்காணலில் பத்து, பதினைந்து நிமிடம் வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். எந்த வகுப்பு, அவர்கள் இதற்கு முன் என்ன படித்திருக்கிறார்கள், முன்னால் உட்காரப்போவது பிள்ளைகளா பெரியவர்களா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அகலமான தலைப்பை எடுக்காதீர்கள். 'மின்னியல்' வேண்டாம். 'தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள்' போதும். ஒரு கணிப்புக் கேள்வியோடு தொடங்கி, கையில் எடுத்துப்போன பேட்டரியையும் பல்புகளையும் மேசையில் வைத்து, விடையை எழுதச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் தவறான விடையை வேண்டுமென்றே சொல்லிச் சோதிப்பார். "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்று அவரிடம் கேட்டு, அவர் சொல்லும் காரணத்தைப் பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு சுவிட்சைப் போடுங்கள்.