திறந்து பார்க்காமலே கண்டுபிடிக்கும்படி தலைப்பு வைப்பது எப்படி?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தொழில்நுட்ப ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டெக்னீஷியன்கள் அவற்றை உட்கார்ந்து படிப்பதில்லை. மெஷின் நின்றுபோன பிறகு, நின்றபடியே டேப்லெட்டில் தேடுவார்கள். பட்டியலில் தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரியும். அதனால், பக்கத்துத் தலைப்பிலிருந்து எந்தச் சொல் வேறுபடுகிறதோ, அதை முன்னால் வையுங்கள்.

ரிஃப்ளோ அவன் என்பது சர்க்யூட் போர்டில் பாகங்களைச் சூடாக்கிப் பற்றவைக்கும் மெஷின். "பராமரிப்பு வழிகாட்டி: ரிஃப்ளோ அவன், கன்வேயர் செயின்", "பராமரிப்பு வழிகாட்டி: ரிஃப்ளோ அவன், வெப்பநிலை" இரண்டுமே சின்னத் திரையில் "பராமரிப்பு வழிகாட்டி: ரிஃ..." என்று நின்றுவிடும். நான் இப்படி மாற்றுவேன்: "கன்வேயர் செயினுக்கு எண்ணெய் இடுதல் – ரிஃப்ளோ அவன்", "வெப்பநிலை சரிபார்த்தல் – ரிஃப்ளோ அவன்". 'வழிகாட்டி' போய்விட்டது, அங்கே இருப்பதெல்லாம் வழிகாட்டிதானே!

பெரிய இடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. இணையத்தின் நெறிமுறைகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், எச்.டி.டி.பி. (ஹைப்பர்டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால், இணையப் பக்கங்களை அனுப்பிப் பெறும் நெறிமுறை) பற்றி 1997இல் வந்த 2068ஆம் எண் ஆவணத்துக்கும் அதற்குப் பதிலாக 1999இல் வந்த 2616ஆம் எண் ஆவணத்துக்கும் தலைப்பு ஒன்றேதான். எண்ணைப் பார்த்தால்தான் எது புதியது என்று தெரியும். 2014இல் அதை ஆறு ஆவணங்களாகப் பிரித்தார்கள். ஆறும் வேறு வேறு பொருள். ஆனால் ஆறு தலைப்புகளும் 'ஹைப்பர்டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்' என்றே நீளமாகத் தொடங்கின. 2022இல்தான் 'எச்.டி.டி.பி. கேச்சிங்' என்கிற அளவுக்குச் சுருங்கின. எனக்கு அந்த 2022 தலைப்புகள்தான் பிடிக்கும்.

சரி, தேதிக்கு வருவோம். 03/04/2024 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. 2024-04-03 என்று எழுதினால் குழப்பமில்லை, வரிசையும் தானாக அமையும். உற்பத்தி லைனின் எண்ணையும் 02, 10 என்றே எழுதுங்கள். வெறும் 2 என்றால் சில மென்பொருள்கள் அதை 10க்குப் பின்னால் தள்ளிவிடும். 'ஃபைனல்', 'புதியது' வேண்டவே வேண்டாம். அடுத்த திருத்தம் வந்ததும் அவை பொய்யாகிவிடும்.

முடித்ததும் தலைப்புகளை மட்டும் அச்சடித்து, வேறு லைனில் இருப்பவரிடம் கொடுங்கள். "செயின் சத்தம் போடுகிறது, எதைத் திறப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் விரல் இரண்டு வரிகளுக்கு நடுவே தயங்கினால், அந்த இரண்டையும் சேர்த்தே திருத்துங்கள்.

அப்புறம், தலைப்பு மாறினாலும் ஆவண எண்ணில் கைவைக்காதீர்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் தாள்களில் அந்த எண்தான் இருக்கிறது.