தினமும் துடைத்தே மங்கிப்போகும் கார்கள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடிகாலையில் ஒருவர் வாளியும் துணியுமாக வருவார். அதே வாளி, அதே துணி, ஏழெட்டுக் கார்கள். நாம் இறங்கி வரும்போது வண்டி பளிச்சென்று நிற்கும். நானும் இரண்டு வருடம் அந்தப் பளிச்சில் மயங்கித்தான் கிடந்தேன். என் கார் கருநீலம். ஒருநாள் இரவு பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் நின்றபோதுதான் கவனித்தேன்: பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். யாரும் வேண்டுமென்று கீறவில்லை. மாதாமாதம் காசு கொடுத்து நானே கீற வைத்திருக்கிறேன்.

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பு முழுவதும் அதனுடையதுதான். அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லிசு. தெருத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகளோ கண்ணாடியையே கீறக்கூடியது. அதை உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பனியன் வேஸ்ட் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதன் தையல் ஓரம் மெத்தென்று இருக்காது. தண்ணீர்த் தட்டுப்பாடா? தூசியை அப்படியே விட்டுவிடுங்கள். தூசி சும்மா கிடந்தால் பெயின்ட் கீறாது. தூசியோடு கவர் போட்டு மூடுவதும் தவறுதான். காற்றடிக்கும்போது கவரே தேய்க்கும்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து விட்டு மண்ணை இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். சக்கரங்கள் கடைசியில், தனித் துணியால். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் ஒட்டியிருக்கும். பாத்திரம் துலக்கும் லிக்விட் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கோடு, பாதுகாப்புக்குப் பூசிய வாக்ஸையும் (மெழுகு) சேர்த்து எடுத்துவிடும். சலவைத் தூள் அதைவிட மோசம். பழைய டிரைவர்கள் சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். அன்றைக்கு மின்னும், மறுநாள் ஊர்த் தூசி முழுக்க அதில் வந்து உட்காரும்.

உச்சி வெயிலில் கழுவுகிறவர்கள் போர் தண்ணீரில் உப்பு இருப்பதை மறந்துவிடுகிறார்கள். சூடான தகட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலிருந்த சுண்ணாம்பு உப்பு வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். நாளானால் அந்தப் புள்ளி பூச்சையே அரிக்கும். காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவி, காயும் முன்பே ஈரத்தை ஒற்றி எடுங்கள். பறவை எச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. நம்மூர் வெயிலில் ஒன்றிரண்டு நாளிலேயே தடம் பதிந்துவிடும். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, அப்படியே வழித்தெடுங்கள். சுரண்டாதீர்கள்.

ஆயுத பூஜையை விட முடியுமா? பானட்டில் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை எல்லாம் உண்டு. வையுங்கள், தப்பில்லை. மூன்று நாள் கழித்து உலர்ந்த விபூதியைக் கையால் தட்டித் தேய்ப்பதுதான் தப்பு. மறுநாளே தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். வாழைக்கன்று கட்டிய செல்லோடேப் பசை வேறு வெயிலில் இறுகிவிடும்.

இப்போது பெரிய குழப்பத்துக்கு வருவோம். பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல. பாலிஷ் தேய்ப்பது, வாக்ஸ் பூசுவது. பாலிஷ் போடும்போது கிளியர் கோட்டில் ஒரு துளி உரிந்து போகிறது. கீறல் மறைவதே சுற்றியுள்ள மட்டம் இறங்குவதால்தான். ரப்பிங் காம்பவுண்ட் இன்னும் முரட்டு ரகம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் “பாலிஷ் போட்டுடலாமா சார்?” என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டிக்கொண்டே போனால் விளிம்புகளில்தான் பூச்சு முதலில் தீரும், அப்புறம் ரீபெயின்ட் தவிர வழியில்லை. கண்ணுக்குத் தெரியும் கீறல் இருந்தால் மட்டும் பாலிஷ் போடுங்கள்.

வாக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். பிரேசில் நாட்டுப் பனை இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு, நம் வெயிலில் சில வாரங்களில் கரைந்து போகும் என்பதால் திரும்பப் போடத்தான் வேண்டும். கனமாக அப்புவதால் லாபமில்லை. துடைக்கக் கைதான் வலிக்கும். கீறலுக்கு மேல் வாக்ஸ் போட்டு “போயிடுச்சு” என்று மகிழாதீர்கள், நாலு முறை கழுவினால் திரும்பத் தெரியும். டிங்கரிங், பெயின்டிங் செய்த பகுதிக்குக் குறைந்தது ஒரு மாதமாவது வாக்ஸ் வேண்டாம். புதுப் பெயின்டிலிருந்து கரைப்பான் வெளியேற வழி விடுங்கள்.

பம்பர் ஓரத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வாக்ஸ் படாமல் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பட்டுவிட்டால் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். பழைய டூத் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.